வெண்கலம் தண்ணீரில் இறங்கினாள்

கால்வாய்க்காரர்கள் அவளுக்கு வெண்கலம் என்று பட்டம் வைத்ததற்குக் காரணம் அவள் தொண்டை. வளைவுக்கு அந்தப் பக்கம் படகு வருகிறதா என்று தெரிந்துகொள்ள மற்றவர்கள் ஹாரனை அழுத்துவார்கள். அவள் வாயைத் திறப்பாள். "செங்கல் லோடு வருது, ஒதுங்கிக்கோ" என்று ஒரு குரல் கொடுத்தால், படகு மட்டுமில்லை, கரையில் மேயும் மாடும் ஒதுங்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவள் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிவிடுவதால் தனக்கு மிச்சம் ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி.

படகிலேயே பிறந்தவள். ஒரு படகின் அறையில் பிறந்து இன்னொரு படகின் அறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். முன்னால் முக்கால் பாகம் சரக்கு. பின்னால் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவரோடு மடக்கி வைக்கும் பலகை. கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். அதற்குள்ளேயே சமைத்து, துவைத்து, ஒரு மகளைப் பெற்று வளர்த்து, கரையில் லாரி ஓட்டும் ஒருவனுக்குக் கட்டியும் கொடுத்துவிட்டாள். சுக்கான் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும் குறுகலான பாலத்தின் அடியில், முழு லோடோடு, பெயின்ட் உரசாமல் நுழைத்து வெளியே கொண்டுவருவாள்.

இத்தனை இருந்தும் நாற்பத்தைந்து வயது வரை அவள் கணுக்காலுக்கு மேல் அந்தத் தண்ணீரில் இறங்கியதில்லை. அவள் மட்டுமா, ஒருவருமே இறங்கியதில்லை. படகுக்காரர்களுக்கு நீந்தத் தெரியாது. தெரியவும் கூடாது. "தண்ணிக்கு மேல பொறந்தவனுக்குத் தண்ணிக்குள்ள என்ன வேலை" என்பது அவர்களிடம் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வரும் பேச்சு. நடை பழகும் பிள்ளைகளின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கூரையில் உள்ள இரும்பு வளையத்தில் முடிந்துவிடுவார்கள். கயிறு அவிழ்க்கும் வயது வந்துவிட்டால், அதற்குப் பிறகு காலை நம்பித்தான் பிழைப்பு.

இதற்கு ஒரு நியாயமும் உண்டு. அதை அழுத்தமாகச் சொல்லக்கூடியவர் வெண்கலத்தின் மாமனார். படகுக்காரர்கள் எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். நீந்தத் தெரிந்தவனுக்குக் காலில் பயம் இருக்காது, பயமில்லாத கால்தான் வழுக்கும் என்பார். வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. சொந்த அண்ணனைத் தண்ணீருக்குக் கொடுத்தவர் அவர். அந்தச் சாவுக்குப் பிறகு அறுபது வருஷம் ஒரு தடவைகூடத் தவறி விழாமல் படகில் நின்றவர். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் சின்னவர் செத்துப்போனார்.

சின்னவர் என்றால் வெண்கலத்தின் கொழுந்தன், பெரியவரின் கடைசி மகன். கல்யாணமாகி நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அது நடந்தது ஒரு லாக்கில். கால்வாய் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இடங்களில் லாக் கட்டியிருப்பார்கள். ஆழமான கல் தொட்டி, இரண்டு முனையிலும் பெரிய மரக்கதவு. படகு உள்ளே வந்ததும் மேல்கதவைச் சாத்திவிட்டு, அடியில் இருக்கும் மடையைத் திறந்து தண்ணீரை வடியவிட்டால் படகு மெல்லக் கீழே இறங்கும். பிறகு கீழ்க்கதவைத் திறந்துகொண்டு போய்விடலாம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகக் கதவின் உச்சியில் ஒரு பலகை. ஒரு ஆள் நடக்கும் அகலம். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

அன்றைக்குத் தூறல். வெண்கலத்தின் படகு தொட்டிக்குள் பாதி இறங்கியிருந்தது. பின்னால் தன் படகை நிறுத்திவிட்டு, உதவிக்கு வந்த சின்னவர் அந்தப் பலகையில் நடந்தார். ஆயிரம் தடவை நடந்த பலகை. கால் வழுக்கியது. அவளுடைய படகின் பின்முனைக்கும் கதவுக்கும் நடுவே விழுந்தார்.

வீட்டுக்காரர் உடனே எஞ்சினை நிறுத்தினார். அவள் கயிறை வீசினாள். கயிறு சின்னவரின் தோள்மேலேயே போய் விழுந்தது. குளிரில் விறைத்த கை அதைப் பிடிக்கவில்லை, தண்ணீரைத்தான் அடித்தது. கனமான கோட்டும் பூட்ஸும் தண்ணீர் குடித்துக் கீழே இழுத்தன. சுவரெல்லாம் பாசி. தொற்றிக்கொள்ள ஒரு கம்பி, ஒரு ஏணிப்படி கிடையாது. இரண்டு கரையிலும் படகுக்காரர்கள் கூடிவிட்டார்கள். "கயிறைப் புடிங்க, கயிறைப் புடிங்க" என்று வெண்கலம் கத்தினாள். அந்தத் தொண்டைக்கு அன்றைக்கு வேலை இருந்தது, பலன் இல்லை. சின்னவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒருமுறை முழுகி எழுந்தார். இன்னொருமுறை முழுகினார். அவ்வளவுதான். படகிலிருந்து கையெட்டும் தூரத்துக்குச் சற்றுத் தள்ளி, அத்தனை பேர் கண் முன்னால்.

கொக்கி வைத்த கழி வந்து சேர்ந்தபோது உடம்பைத்தான் இழுக்க முடிந்தது.

"தண்ணி கேட்டுச்சு, எடுத்துக்கிச்சு" என்றார் பெரியவர். பெற்ற மகன். கண்ணில் நீர் வரவில்லை, வாய் கோணிக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். வெண்கலத்தின் தலை ஆடவில்லை. அடக்கம் முடிந்து திரும்பிய பிறகு வீட்டுக்காரரிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"எனக்குக் கத்தத் தெரிஞ்சுது. வேற ஒண்ணும் தெரியல."

முதலில் அவள் போனது கால்வாய் ஆபீசுக்கு. ஒவ்வொரு லாக்கிலும் சுவரில் இரும்பு ஏணி பதிக்கவேண்டும், கதவுப் பலகைக்குக் கைப்பிடி வேண்டும் என்று கேட்டாள். அதிகாரி நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், தேநீர்கூட வரவழைத்தார். ஆனால் உங்கள் ஆட்களே இதுவரை ஒருவரும் கேட்டதில்லையே, பரம்பரையாக இப்படித்தானே ஓட்டுகிறீர்கள், இப்போது என்ன புதிதாக என்றார். அவளுக்குச் சுரீரென்றது. இங்கே பெரியவரின் பேச்சு, அங்கே ஆபீசின் சாக்கு. இரண்டு கல்லுக்கு நடுவில்தான் சின்னவர் நசுங்கினார் என்று அவளுக்குத் தோன்றியது.

கரைக் கொட்டகையில் நடந்த அடுத்த படகுக்காரர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். ஆபீஸ் ஏணி போடும்போது போடட்டும், அதுவரைக்கும் நாம் நீந்தக் கற்றுக்கொள்வோம், பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம் என்றாள். பெரியவர் பழைய நியாயத்தையே சொன்னார். பயமில்லாத கால்தான் வழுக்கும்.

"சின்னவருக்கும் நீந்தத் தெரியாதே மாமா. அவரு காலு ஏன் வழுக்குச்சு?"

செத்தவன் பேரை அவன் அப்பா முன்னாலேயே எடுக்கிறாளே என்று ஒருத்தர் முணுமுணுத்தார். ஓரகத்தி, அதாவது சின்னவரின் மனைவி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வெளியே போனாள். போகிற போக்கில், என் வீட்டு இழவு இவளுக்கு மேடையாகிவிட்டது என்று காதில் விழும்படியே சொன்னாள். வெண்கலத்துக்கு அதுதான் தைத்தது. மாமனார் கோபத்தை அவள் தூசு மாதிரி தட்டிவிடுவாள். இதைத் தட்ட முடியவில்லை. ஆனாலும் உட்காரவில்லை. நீங்கள் யாரும் வராவிட்டால் போங்கள், நான் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

சரக்கு இறக்கும் ஊரில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. மத்தியானம் பெண்களுக்கு ஒதுக்கிய நேரம். கற்றுக்கொடுப்பவள் அவள் மகளைவிடச் சின்னப் பெண். கழுத்தில் விசில். என்ன தொழில் என்று கேட்டாள். படகு ஓட்டுகிறேன் என்று வெண்கலம் சொன்னதும், அப்படியானால் உங்களுக்கு ஓரளவு தெரியுமே என்று சொல்லிவிட்டாள் அந்தப் பெண். பக்கத்தில் இறங்கிய ஆறு வயதுக் குழந்தைகள் மீன் மாதிரி ஓடின. வெண்கலமோ குளத்தின் விளிம்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், பல் கிட்டி நின்றாள். தண்ணீர் இவ்வளவு கனமானது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஆயுசு முழுக்க மேலே உட்கார்ந்து சவாரி செய்த மிருகத்தின் வாய்க்குள் தலையை விடுகிற மாதிரி இருந்தது.

முகத்தைத் தண்ணீரில் வைக்க வைப்பதற்குள் அந்தப் பெண்ணுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வைத்தபோது வெண்கலம் தண்ணீருக்குள்ளேயே கத்தினாள். குளத்தின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். லோடு இறக்கும் ஒவ்வொரு தடவையும் போனாள். மூக்கில் தண்ணீர் ஏறியது, காது அடைத்தது, ஒருநாள் வாந்தியும் எடுத்தாள். விட்டுவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் சின்னவரின் கை தண்ணீரை அடித்தது கண்முன் வரும். அந்தப் பெண் ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்தாள். குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடனே நீந்தப் பார்க்காதீர்கள், மூச்சு பிடிபடாது, மல்லாந்து மிதந்துகொண்டிருங்கள், மூச்சு தானாகத் திரும்பும், அதற்குப் பிறகு நீந்தலாம். இன்னொருவர் விழுந்தால் நீங்கள் குதிக்காதீர்கள், மிதக்கிற எதையாவது முதலில் வீசுங்கள். வெண்கலம் இரண்டையும் மனப்பாடமாக வாங்கிக்கொண்டாள்.

வெயில் காலம் வந்ததும் கால்வாயிலேயே இறங்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் எஞ்சினை நிறுத்தி, கரையில் உட்கார்ந்து, அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் முனையைப் பிடித்துக்கொள்வார். அவர் கடைசிவரைக்கும் நீந்தக் கற்றுக்கொள்ளவில்லை. முடியாது, பயமாக இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆனால் அவள் வாங்கி வந்த ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை மாட்டியவர் கழற்றவே இல்லை. தூங்கும்போதும் போட்டுக்கொள்கிறாரா என்று மற்ற படகுகளில் கேலி பேசினார்கள். மனைவியை அடக்கத் துப்பில்லையா என்று பெரியவர் ஒருநாள் கேட்டதற்கு, "அவ குரலுக்கு முன்னாடி என் குரல் எங்கப்பா எடுபடும்" என்றார். அது சிரிப்புக்குச் சொன்னது. அடுத்துச் சொன்னது சிரிப்புக்கு இல்லை. "தம்பி முழுகினப்போ நானும் சும்மா பாத்துக்கிட்டுத்தாம்பா நின்னேன். அவ பண்றது சரி."

அவள் இறங்கிய இடத்தில் ஆபீஸ்காரர்கள் நட்ட பலகை ஒன்று இருந்தது. நீந்தத் தடை, மீறினால் அபராதம். ஒருநாள் கரைக் காவலர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். பலகையைக் கையால் தட்டிக் காட்டினார். அவள் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

"விழத் தடைன்னு ஒரு பலகை வைங்க சார். நான் நீந்தறத நிறுத்திடறேன்."

காவலர் ஆபீசில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். அபராதம் கட்டச் சொல்லி ஆள் வந்தது. அவள் கட்டவில்லை. வேண்டுமானால் படகைப் பிடித்துக்கொண்டு போங்கள், செங்கல்லை நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள் என்றாள். அத்தோடு நிற்கவில்லை. பழைய இரும்புக் கடையில் நங்கூரச் சங்கிலித் துண்டுகளை வாங்கிவந்து, தான் போகும் வழியில் இருந்த ஒவ்வொரு லாக்கிலும், படகு கட்டும் இரும்புக் கட்டையில் மாட்டி, சுவரோடு தண்ணீருக்குள் தொங்கவிட்டாள். ஏணிக்குப் பதில் சங்கிலி. அனுமதி இல்லாத பொருள் என்று காவலர் கழற்றி எடுத்துப்போவார். அடுத்த நடையில் வேறு சங்கிலி தொங்கும். கடைசியில் கழற்றிக் கழற்றி அவர் முதுகுதான் வலித்தது. விட்டுவிட்டார்.

படகுக்காரர்கள் விடவில்லை. கால்வாயில் ஒரு பழைய மரியாதை உண்டு. லாக்கில் காத்திருக்கிறவர்கள் முன்னால் போகிற படகுக்குக் கதவு தள்ளி, மடை திறந்து கொடுக்கவேண்டும். யாரோடு என்ன சண்டை இருந்தாலும் இது தவறாது. வெண்கலத்துக்கு மட்டும் அது நின்றுபோனது. அவள் படகு வந்தால் எல்லோருக்கும் அடுப்பில் ஏதோ வேலை வந்துவிடும். சங்கிலியைப் பார்த்தாலே சனியனைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டுக்காரர் சுக்கானைப் பிடிக்க, அவள் ஒருத்தியே இரண்டு கரையும் ஓடி, கதவுகளில் முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். தோள்பட்டை வீங்கியது. போகிறபோது ஒவ்வொரு படகையும் பார்த்து, உதவிக்கு ரொம்ப நன்றி என்று அந்தக் குரலில் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இப்படித் தனியாக ஓடியதில்தான் அவளும் விழுந்தாள். குளிர்காலத் தொடக்கம், காலை நேரம், இரவெல்லாம் பெய்த மழை. சின்னவர் விழுந்த அதே லாக். பின்னால் பெரியவரின் படகும் இன்னும் மூன்று படகுகளும் காத்துக்கொண்டிருந்தன. ஒருவரும் கரைக்கு வரவில்லை. மேல்கதவைச் சாத்தி, இந்தக் கரை மடையைத் திறந்து, தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் எதிர்க்கரை மடையைத் திறக்கப் பலகையில் ஓடியவள், நடுவில் கால் வழுக்கி, தொட்டிக்குள் போனாள்.

தண்ணீர் நெஞ்சில் அறைந்தது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கையும் காலும் தாமாகவே அடித்துக்கொள்ளப் பார்த்தன. சின்னவருக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அந்தச் சின்னப் பெண்ணின் குரல். மல்லாந்து படு. படுத்தாள். காது தண்ணீருக்குள் போனது. இரண்டு கறுத்த சுவருக்கு நடுவே நீளமாக ஒரு துண்டு வானம் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக வெண்கலம் ஒரு சத்தமும் போடாமல் கிடந்தாள்.

மேலே அது சாவு மாதிரி தெரிந்தது. கத்தியிருந்தால்கூடப் பதறியிருக்க மாட்டார்கள், அந்த அமைதிதான் அவர்களை உலுக்கியது. நாலு படகிலிருந்தும் ஓடிவந்தார்கள். வீட்டுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு மிதவை வளையத்தை அவள் பக்கத்தில் வீசினார். பெரியவர் கொக்கிக் கழியோடு விளிம்பில் மண்டி போட்டிருந்தார். கழியின் முனை அவள் முகத்துக்கு மேலே அலைந்தது.

மூச்சு திரும்பியது. அவள் புரண்டாள்.

"கழியை எடுங்க மாமா. கண்ணைக் குத்திடப் போகுது."

சொல்லிவிட்டு நீந்தினாள். அழகான நீச்சல் ஒன்றுமில்லை. தவளையும் நாயும் கலந்த மாதிரி ஒரு நீச்சல். சுவர் வரைக்கும் போனாள், தன் சங்கிலியைப் பிடித்தாள், வளையம் வளையமாகக் காலை வைத்து, பல்லைக் கடித்து ஏறினாள். விளிம்பில் இரண்டு கைகள் அவள் தோளைப் பிடித்துத் தூக்கின. நிமிர்ந்து பார்த்தால், பெரியவர் படகிலிருந்து ஓடிவந்த ஓரகத்தி. தன் போர்வையைச் சுற்றி, அவள் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, சின்னவர் செத்த அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

பெரியவர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. கழியைத் தரையில் ஊன்றி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தண்ணி விட்டுக் குடுத்துச்சு. அதனாலதான் பொழச்சா."

வெண்கலத்தின் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அப்படியே வச்சுக்குங்க மாமா. ஆனா தண்ணி விட்டுக் குடுத்தாலும் வாங்கிக்கத் தெரியணும்ல."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. தன் படகுக்குத் திரும்பிப் போனார். அன்றைக்கு அவள் படகுக்குக் கதவு தள்ள ஆறேழு பேர் முதுகு கொடுத்தார்கள்.

அடுத்த வெயில் காலத்தில் ஓரகத்தி தன் மகளோடு தண்ணீரில் இறங்கினாள். பிறகு இன்னும் நாலு பெண்கள். ஆண்கள் வந்தது கடைசியில்தான், அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு, யாரும் பார்க்காத வளைவாகத் தேடி. குழந்தைகளை வெண்கலமே எடுத்துக்கொண்டாள். அவள் அதட்டலுக்குத் தண்ணீரில் மிதப்பதே மேல் என்று குழந்தைகள் மிதந்துவிட்டன. எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சில படகுகள் இன்னும் அவள் படகுக்குப் பக்கத்தில் கட்டுவதில்லை. பெரியவர் கடைசி நாள் வரைக்கும் அவளோடு பேசவில்லை. பேத்தி நீந்தும் நேரங்களில் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஆனால் குழந்தைகள் கரையேறும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. வெண்கலமும் அவரைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. அவர் கொள்கை அவருக்கு, என் கொள்கை எனக்கு என்பாள். தினமும் ஓரகத்தி கையில் அவருக்குச் சூடாக ஏதாவது கொடுத்தனுப்பினாள். அது வேறு கணக்கு.

இப்போது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தொண்டை அப்படியேதான் இருக்கிறது. போன மாதம் வேறொரு சண்டையைத் தொடங்கியிருக்கிறாள். குளிருக்குப் பயந்து எல்லோரும் படகு அறையின் ஜன்னல் இடுக்குகளையெல்லாம் துணியால் அடைத்துவிட்டு, உள்ளே கரி அடுப்பை மூட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். அதிலிருந்து வரும் விஷக்காற்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும் என்று எங்கோ கேட்டுக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு படகறையிலும் காற்று வந்துபோக ஓட்டை போடவேண்டும் என்று சங்கத்தில் எழுந்து சொன்னாள். பூவும் கொடியுமாக முப்பாட்டன் காலத்தில் வரைந்த மரச்சுவரில் ஓட்டையா என்று கொட்டகையே எழுந்துவிட்டது. படகைக் குத்துகிறதும் பெற்றவளைக் குத்துகிறதும் ஒன்று என்றார் ஒருவர். பெற்றவளும் மூச்சு விட்டுத்தானே உயிரோடு இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுப் படகுக்கு வந்தாள்.

வந்த வேகத்தில் அறைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சுவரில்தான் அந்தக் கால்வாயிலேயே அழகான பூவேலை இருந்தது. அவளுக்கும் மனசு வரவில்லை. வீட்டுக்காரர் லைஃப் ஜாக்கெட்டோடு குனிந்து உள்ளே வந்தார். கையில் துளைப்பான்.

"எந்தப் பூவுல போடணும்னு சொல்லு" என்றார்.

நடுப் பூவைக் காட்டினாள்.